முத்துப்பாரும் சங்குப்படுகையும்



கண்டி மாநகரில் வாழும் நமக்குக் கடல் தொலைவானது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 அடி உயரத்தில், மலைகள் சூழ்ந்த நகரம் இது. எனினும் கடலின் ஒலி இங்கே கேளாத நாளில்லை. தலதா மாளிகையில் முரசுகளோடு சேர்ந்து சங்கு முழங்குகின்றது. கட்டுக்கலைச் செல்வ விநாயகர் ஆலயத்திலும் பூசை வேளையிலே சங்கொலி எழுகின்றது. எசலப் பெரஹராவைக் காண வீதியோரத்தில் அமர்ந்திருப்போருள் அந்தச் சங்கு எங்கே பிறந்தது, எத்தனை ஆண்டு வளர்ந்தது, அதனைக் கடலடியிலிருந்து எடுத்தவர் யார் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே ஆவர். நகைக் கடையிலே முத்துத் தோடு வாங்கும்போதும் நாம் விலையைத்தான் கேட்கின்றோமேயன்றிச் சிப்பியைப் பற்றிக் கேட்பதில்லை.

சங்கும் முத்துச்சிப்பியும் நமது நாட்டின் வடமேற்குக் கடலில், மன்னார்க் குடாவிலே கிடைக்கும் இருபெரும் செல்வங்கள். இரண்டும் ஓட்டுடலிகள், இரண்டும் முத்துக்குளிக்கும் அதே மக்களால் மூச்சடக்கி எடுக்கப்பட்டவை. ஆயின், ஒன்றைக் காப்பதற்கு ஏற்ற விதி மற்றொன்றைக் காப்பதற்கு ஏற்றதாகாது. இந்த உண்மையை உணர்வதற்கு விஞ்ஞானிகள் பல்லாண்டு உழைக்க நேர்ந்தது. உணராதவர்கள் பெரும் பொருளை இழந்தனர். அவ்வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

முதலில் முத்துச்சிப்பியை எடுத்துக்கொள்வோம்.

மன்னார்க் குடாவின் அடித்தளம் பெரும்பாலும் மணற்பாங்கானது. இடையிடையே கற்பாங்கான திட்டுகள் உண்டு. அவற்றைக் குளியாட்கள் 'பார்' என்று அழைத்தனர். சிப்பிகள் பசைநார்க் கற்றையினால் தம்மைப் பிணித்துக்கொண்டு வாழ்வது அப்பார்களின் மீதே. செவல்பார், பெரிய பார், மோதரகம் பார், முத்துவராட்டுப் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு. ஆங்கிலேய விஞ்ஞானிகள் எழுதிய அறிக்கைகளிலுங்கூட 'பார்' என்னும் நமது சொல்லே வழங்குகின்றது. மூச்சடக்கிக் கடலடிக்குச் சென்று வந்த மக்கள் வகுத்த படத்தின் மேல்தான் பிற்கால ஆராய்ச்சி எழுந்தது என்பதற்கு இச்சொல்லே சான்று.

முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடைபெறும் தொழிலன்று. சில ஆண்டுகள் தொடர்ந்து நடக்கும். பின்னர் பத்தாண்டு, பதினைந்தாண்டு ஒன்றுமே இராது. ஆங்கிலேயர் கரையோரத்தைக் கைப்பற்றிய 1796ஆம் ஆண்டிலும் அதனையடுத்த இரண்டு ஆண்டுகளிலும் பெருந்தொகையான வருமானம் கிடைத்தது. ஆனால் 1837 முதல் 1854 வரை குளிப்பு நடைபெறவில்லை. 1864 முதல் 1873 வரை மறுபடியும் வெறுமை. 1891ஆம் ஆண்டுக் குளிப்பிற்குப் பின் 1903 வரை மூன்றாவது நெடும்பஞ்சம். இதற்குக் காரணம் யாது? அளவுக்கு மீறி அள்ளிவிட்டார்கள் என்றனர் சிலர். சிப்பி தானாகவே இடம்பெயர்ந்து போய்விட்டது என்றனர் வேறு சிலர். திருக்கை தின்றுவிட்டது என்போரும் இருந்தனர். ஒவ்வொன்றிலும் சிறிது உண்மை இருந்தது; முழு உண்மை எதிலும் இல்லை.

இக்கேள்வியை முதன்முதலில் விஞ்ஞான முறைப்படி அணுகியவர் இலங்கையிலே பிறந்த வைத்தியரான கெலார்ட் என்பவர். நுவரெலியாப் பக்கத்து விலங்கினங்களைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர் அவர். ஆகவே மலைநாட்டவராகிய நமக்கு அவர் அந்நியரல்லர். 1857ஆம் ஆண்டு தொடங்கித் திருகோணமலையில் சிப்பிகளைத் தொட்டிகளில் வைத்து நோக்கினார். சிப்பியானது தன் பசைநாரை அறுத்துக்கொண்டு சிறிது நகரவும், மீண்டும் புதுநார் சுரந்து ஒட்டிக்கொள்ளவும் வல்லது என்று கண்டார். முத்துக்கும் சிப்பியினுள் வாழும் ஒட்டுண்ணிப் புழுக்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்றும் குறித்தார். பணி முற்றுப்பெறு முன்னரே 1860ஆம் ஆண்டில் காலமானார்.

அதன்பின் நாற்பது ஆண்டுகள் கழிந்தன. 1902ஆம் ஆண்டு சனவரியில், லிவர்பூல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன், அரசாங்கத்தின் அழைப்பை ஏற்று இலங்கை வந்தார். ஜேம்ஸ் ஹோர்னல் என்ற இளம் ஆராய்ச்சியாளர் அவருக்குத் துணைவர். 'லேடி ஹவ்லொக்' என்னும் நீராவிக் கப்பலில் பார்களைச் சுற்றி வந்து, கடலடியை வாரியும், குளியாட்களை இறக்கியும், தண்ணீரை அளந்தும் ஆராய்ந்தனர். சில மாதங்களில் பேராசிரியர் தாயகம் திரும்பினார். ஹோர்னல் இங்கேயே தங்கிப் பணியைத் தொடர்ந்தார். ஆராய்ச்சியின் முடிவுகள் 1903 முதல் 1906 வரை ஐந்து பெரும் பகுதிகளாக இலண்டன் இராயல் கழகத்தினால் வெளியிடப்பட்டன. அக்காலத்தில் உலகில் எந்த ஓட்டுடலி மீன்பிடியைப் பற்றியும் இத்துணை விரிவான ஆராய்ச்சி நடந்தது அரிது.

அவர்கள் கண்டவற்றுள் மிகவும் வியப்புக்குரியது பெரிய பாரின் கதை. இப்பார் கரையிலிருந்து நெடுந்தூரத்தில், ஆழ்கடலின் விளிம்பை அண்டியது. அங்கே இளஞ்சிப்பிகள் அடிக்கடி கோடி கோடியாக வந்து படியும். 1880ஆம் ஆண்டிற்குப் பின் பதினொரு முறையேனும் அவ்வாறு படிந்ததாக ஹெர்ட்மன் கணக்கிட்டார். ஆயின் அப்பதினொரு முறையில் ஒரு முறையேனும் குளிப்பு நடத்தத்தக்க முதிர்ந்த சிப்பி அங்கே கிடைக்கவில்லை. 1902 மார்ச்சு மாதம் அவரே தம் கண்ணால் அங்கே எண்ணுதற்கரிய இளஞ்சிப்பிகளைக் கண்டார். அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் பரிசோதித்தபோது அவை இல்லை. இடையில் வீசிய தென்மேற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்பு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டது. குளியாள் எவரும் அங்கே கை வைக்கவில்லை. அரசாங்கம் ஒரு சிப்பியைக்கூட விற்கவில்லை. எனினும் பார் வெறுமையாயிற்று!

இதற்கு மாறானது செவல்பார். அது கரைக்கு அண்மையில், ஓரளவு பாதுகாப்பான இடத்திலே உள்ளது. அங்கே படிந்த சிப்பிகள் பெரும்பாலும் முதிர்ச்சியடைந்தன. பெரும் குளிப்புகள் பல அங்கேதான் நடந்தன. ஆகவே ஹெர்ட்மன் கூறிய யோசனை வெளிப்படையானது: அழியப்போகும் பெரிய பாரின் குஞ்சுகளை வாரி, காவலான பார்களில் கொண்டுபோய் விடுங்கள்; மணற்பாங்கான இடங்களில் கல்லும் ஓடும் பரப்பிக் குஞ்சுகள் ஒட்டுவதற்குத் தளம் அமையுங்கள்; நெருக்கமான இடங்களில் கலைத்துவிடுங்கள் என்றார். உழவர் நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பிடுங்கி வயலில் நடுவதை அறிந்த நமக்கு இந்த யோசனை புதிதாகத் தோன்றாது.

இங்கே சிப்பியின் வாழ்வைச் சிறிது கூறுதல் வேண்டும். தாய்ச் சிப்பி கருவை நீரிலே விடுகின்றது. அதிலிருந்து தோன்றும் நுண்ணிய குடம்பி ஏறத்தாழ மூன்று வாரம் நீரோட்டத்தில் மிதந்து திரிகின்றது. எங்கே போகின்றது என்பது குடம்பியின் விருப்பமன்று. காற்றும் நீரோட்டமும் முடிவு செய்வது. தற்செயலாகப் பாரின் மீது படிந்தால் பிழைத்தது. மணலில் விழுந்தால் மாண்டது. பிழைத்தவற்றிற்கும் நட்சத்திரமீன், பேய்க்கணவாய், கிளாத்தி, திருக்கை, ஓட்டைத் துளைக்கும் கடற்பஞ்சு ஆகிய பகைகள் பல. நான்கு, ஐந்து ஆண்டு கடந்த சிப்பியில்தான் முத்து எடுக்கத்தக்க அளவில் இருக்கும். ஆறு, ஏழு ஆண்டாகும்போது அது தானே இறந்துவிடுகின்றது. எனவே முத்துக்குளிப்பை முற்பட நடத்தினாலும் நட்டம். பிற்பட நடத்தினாலும் நட்டம். சேமித்து வைப்பதற்கு அது பொற்காசன்று.

இதனால்தான் பழைய நாள்தொட்டே பார்களைப் பரிசோதிக்கும் வழக்கம் இருந்து வந்தது. பரிசோதகர் வள்ளத்தை ஓரிடத்தில் நிறுத்திக் குளியாட்களை இறக்குவார். ஒரு முழுக்கிற்கு எத்தனை சிப்பி வந்தது என்று எண்ணுவார். பாரின் பரப்பைக் கொண்டு மொத்தத் தொகையை மதிப்பிடுவார். சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுத்து அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தை வணிகர்களைக் கொண்டு விலை மதிப்பார். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபா என்று தெரிந்த பின்னரே குளிப்புப் பற்றிய அறிவித்தல் வெளிவரும். புள்ளியியல் என்னும் சொல் நம்மிடையே வழங்குவதற்கு முன்பே மாதிரியெடுத்து முடிவு செய்யும் முறை மன்னார்க் கடலில் நடைமுறையில் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

1903ஆம் ஆண்டு பார்கள் மீண்டும் பயன் தந்தன. 1904இலும் குளிப்பு நடந்தது. 1905இலோ வரலாறு காணாத விளைச்சல்! 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா வருமானம். மறிச்சுக்கட்டி என்னும் காட்டோரக் கடற்கரையில் ஓலைக் கொட்டகைகளால் ஒரு நகரமே எழுந்தது. கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் தமிழ்க் குளியாட்கள் வந்தனர், அராபியர் வந்தனர், பம்பாயிலிருந்து வணிகர் வந்தனர். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் அறிந்தவர் எனப்பட்ட 'கடல்கட்டி'யும் இருந்தார். விஞ்ஞானியின் நுணுக்குக்காட்டிக்கும் கடல்கட்டியின் மந்திரத்துக்கும் அரசாங்கம் ஒரே காலத்தில் பணம் கொடுத்தது என்பது ஒரு சுவையான செய்தி. குளியாளுக்கு எது அதிகத் துணிவைத் தந்தது என்று கேட்டால் விடை எளிது.

அடுத்த ஆண்டு, 1906இல், மறிச்சுக்கட்டிக் குளிப்பை மேற்பார்வை செய்யச் சென்ற இளம் உத்தியோகத்தருள் ஒருவர் லெனார்ட் வுல்ஃப். 1907ஆம் ஆண்டில் அவர் நமது கண்டிக் கச்சேரிக்கு மாற்றப்பட்டு ஓராண்டளவு இங்கே பணிபுரிந்தார். அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமத்தை வைத்து நாவல் எழுதியவர் என்று அவரை அறிவோர் பலர். முத்துக்குளிப்பை வைத்தும் அவர் ஒரு கடுமையான சிறுகதை எழுதினார். அது 1921இல் வெளிவந்தது. அழுகும் சிப்பியின் நாற்றமும், பேராசையும், குளியாளின் களைப்பும் அதிலே உண்டு.

பேராசை என்றேன். அதனையும் கூறத்தான் வேண்டும். 1905ஆம் ஆண்டின் வெற்றியைக் கண்டவர்கள், விஞ்ஞானம் வந்துவிட்டது, இனிப் பஞ்சமில்லை என்று நம்பினர். 1906ஆம் ஆண்டு, பார்கள் ஒரு தனியார் கூட்டுக் கம்பனிக்கு இருபது ஆண்டுக் குத்தகையாக விடப்பட்டன. ஆண்டுக் குத்தகை 3,10,000 ரூபா. ஆராய்ச்சிக்கும் பார்களைப் பண்படுத்துவதற்கும் கம்பனி தனியாகச் செலவிடவும் உடன்பட்டது. 1906இல் நல்ல விளைச்சல். 1907இல் குறைந்த விளைச்சல். அதன்பின் ஒன்றுமில்லை! குஞ்சுகளைப் பெயர்த்து நட்டுப் பார்த்தும் பயனில்லை. கம்பனி குத்தகையின் பாதிக்காலம்கூட நிலைக்கவில்லை. மறுபடி குளிப்பு நடந்தது 1925ஆம் ஆண்டிலேதான்.

இதனைக் கொண்டு ஹெர்ட்மன் தோற்றார் என்று கூறுவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. கடல் எவ்வாறு அள்ளிக் கொடுக்கின்றது, எவ்வாறு பறித்துக்கொள்கின்றது என்பதை அவர் தெளிவாகவே கூறினார். அவர் நூலிலிருந்து நம்பிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, எச்சரிக்கையை விட்டுவிட்டவர்கள் குத்தகைக் கணக்கு எழுதியவர்களே. சில நல்ல ஆண்டுகளைக் கொண்டு இருபது ஆண்டு வருமானத்தைக் கணித்தல் எத்தகைய கணிதம்? எட்டு மாதத்திற்குள் ஒரு பார் முழுவதும் அழிவதை முதற்பகுதியிலேயே படித்தவர்கள் அல்லவா அவர்கள்!

எனினும் ஹெர்ட்மன் ஒன்றில் வழுவினார் என்பதையும் மறைத்தலாகாது. சிப்பியின் உடலுள் புகும் நாடாப்புழுவின் இளம்பருவமே நல்முத்துக்கு மூலம் என்று அவரும் ஹோர்னலும் கொண்டனர். அப்புழு சிப்பியைத் தின்னும் மீன்களின் வழியாகத் திருக்கையை அடைந்து முதிர்கின்றது. ஆகவே சிப்பியின் பகைவனே முத்தின் தந்தை என்பது அவர்கள் கண்ட முடிவு. அழகான கொள்கை! ஆனால் பின்வந்த ஆராய்ச்சியாளர் அதனை ஏற்கவில்லை. சிப்பியின் மேற்போர்வைத் தோலிலுள்ள கலங்கள் உட்புகுந்து ஒரு பையாக அமையும்போது, அப்பையினுள்ளே முத்துப்படலம் படிகின்றது என்பது இன்று நிலைபெற்ற கருத்து. இந்த அறிவைக் கொண்டுதான் யப்பானியர் செயற்கை முறையிலே முத்து வளர்த்தனர். தூத்துக்குடியில் இந்திய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமியும் அவர்தம் குழுவினரும் 1973ஆம் ஆண்டில் முத்து வளர்ப்பில் வெற்றி கண்டனர். 1981இல் குடம்பியைத் தொட்டியிலே வளர்த்துச் சிப்பியாக்கவும் அங்கே கற்றுக்கொண்டனர். அவ்வாறு வளர்த்த இளஞ்சிப்பிகளைப் பார்களில் விட்டும் பார்த்தனர். ஆயினும் பழைய முத்துக்குளிப்பு மீளவில்லை. தூத்துக்குடிப் பக்கத்தில் 1961ஆம் ஆண்டோடும், இலங்கைப் பக்கத்தில் 1958ஆம் ஆண்டோடும் அது ஓய்ந்தது.

இனிச் சங்கினைப் பார்ப்போம்.

முத்துச்சிப்பிக்கும் சங்கிற்கும் உள்ள வேறுபாடு பிறப்பிலேயே தொடங்குகின்றது. சங்கு மணலில் வாழ்வது; மணலுள் வாழும் புழுக்களைத் தின்பது. தாய்ச்சங்கு ஆட்டுக்கொம்பைப் போன்று முறுக்குண்ட, அறை அறையாக அடுக்கிய ஒரு கூட்டை இட்டு, அதன் அடியை மணலில் ஊன்றிவிடுகின்றது. குளியாட்கள் அதனைச் 'சங்குப்பூ' என்பர். அந்த அறைகளுள்ளேயே கரு வளர்ந்து, சிறு சங்காக உருப்பெற்று, ஓட்டோடு வெளியே ஊர்ந்து வருகின்றது. மிதக்கும் பருவம் என்பதே அதற்கில்லை. நீரோட்டத்தோடு ஊர் சுற்றாமல், பிறந்த மணலிலே வளர்ந்து, பெரும்பாலும் அங்கேயே வாழ்ந்து முடிகின்றது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். முத்துப்பார் ஒன்று அடியோடு அழிந்தாலும், வேறெங்கோ ஒரு பாரில் தாய்ச்சிப்பிகள் இருக்குமாயின், நீரோட்டம் ஒரு நல்ல ஆண்டிலே அதனை மீண்டும் நிரப்பிவிடலாம். சங்குப்படுகை ஒன்றைத் துடைத்தெடுத்துவிட்டால் அதற்கு வெளியிலிருந்து உதவி வருதல் அரிது. பக்கத்துப் படுகையிலிருந்து சங்கு ஊர்ந்து வரவேண்டும். அல்லது அங்கேயே எஞ்சிய ஒரு சிலவற்றின் பரம்பரை மெதுவாகப் பெருக வேண்டும். அதுவும் மெல்ல வளரும் உயிர். ஆகவே சிப்பியைக் காலத்தில் எடுக்காமல் விட்டால் நட்டம். சங்கைக் காலத்துக்கு முன் எடுத்தால் நட்டம். முன்னதில் கடலே பெரும் கள்வன். பின்னதில் மனிதனே பெரும் கள்வன்.

ஹோர்னல் இலங்கையை விட்டுச் சென்று, பின்னர் சென்னை அரசாங்கத்தில் முத்து, சங்கு ஆகிய தொழில்களைக் கவனித்தார். சங்கைப் பற்றி அவர் எழுதிய தனிநூல் 1914ஆம் ஆண்டு வெளியாயிற்று. தூத்துக்குடியில் இரண்டே கால் அங்குல விட்டத்திற்குக் குறைந்த சங்கை உயிரோடு கடலில் விட்டுவிடல் வேண்டும் என்னும் முறை வழங்கியது. சங்கை அளக்கும் கருவி மிக எளியது: நடுவில் வட்டத் துளையுள்ள ஒரு பலகை. துளைக்குள் புகுந்து வெளிவரும் சங்கு சிறியது, அது கடலுக்கு. புகாதது பெரியது, அது கரைக்கு. எழுத்தறியாத சிறுவனும் இதனைச் செய்யலாம். விஞ்ஞானத்தின் பெரும் பகுதி அந்தத் துளையின் விட்டத்தை முடிவு செய்வதில் அடங்கியிருக்கின்றது. முட்டையிடும் பருவத்தை ஒரு முறையேனும் கடந்த சங்குதானா கரைக்கு வருகின்றது என்பதே கேள்வி. நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் விதிகள் இந்த அளவை 70 மில்லிமீற்றர் என்று வகுத்தன.

வலம்புரிச் சங்கைப் பற்றி நேயர்கள் கேட்கக்கூடும். ஆயிரமாயிரம் இடம்புரிச் சங்குகளுக்கிடையே எப்போதாவது ஒன்று தோன்றுவது அது. தனியினமன்று; பிறவி மாறுபாடு. விலையைக் கேட்டு வியந்து, வேறு கடலின் இடப்பக்கச் சுழிச் சிப்பியை வலம்புரி என்று வாங்கி ஏமாந்தோர் கண்டியிலும் உண்டு. அவர்களுக்கு விஞ்ஞானம் ஒன்றும் செய்வதற்கில்லை.

மூச்சடக்கிக் குளித்த காலத்தில் அளவுப்பலகைக்குத் துணையாக இயற்கையே ஒரு காவலை வைத்திருந்தது. ஒருவர் நெடுநேரம் கடலடியில் நிற்க முடியாது. மிக ஆழத்திற்குச் செல்ல முடியாது. எனவே ஆழ்ந்த படுகைகளில் தாய்ச்சங்குகள் தொடப்படாமல் இருந்தன. காற்றுக் கலத்தை முதுகிலே கட்டிக்கொண்டு இறங்கும் முறை வந்ததும் அந்தக் காவல் நீங்கிற்று. போர்க்காலத்தில் வடகடலின் பெரும்பகுதி மூடப்பட்டிருந்தது. 2009ஆம் ஆண்டிற்குப் பின் திறந்தது. திறந்த கடலிலே வள்ளங்கள் பெருகின. இதில் குளியாளைக் குறைகூறுவது எளிது. ஆனால் அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். தாம் விட்டுச் செல்லும் சங்கை நாளை வேறொருவர் எடுத்துக்கொள்வார் என்று அவர் அஞ்சுகின்றார்; அந்த அச்சம் நியாயமானதே. மன்னார்ப் பக்கத்துச் சம்மாட்டியார் ஒருவர் என்னிடம், "ஐயா, சின்னதை நான் விடுவன், எனக்குப் பின்னால் வாறவனும் விடுவான் எண்டு நீங்கள் எழுதித் தருவியளோ?" என்று கேட்டார். எழுதித் தர என்னால் இயலவில்லை.

அவர் கேள்விக்கு விடை சட்டப்புத்தகத்தில் மட்டும் இல்லை. 1981ஆம் ஆண்டின் சட்டத்தினால் நிறுவப்பட்ட, 'நாரா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய நீர்வள ஆராய்ச்சி நிறுவனம் சங்கு, கடலட்டை ஆகியவற்றின் இருப்பைக் கடலடியில் அளந்து வருகின்றது. குறித்த கோடுகளின் வழியே நீந்தி, கண்டவற்றை எண்ணி, பரப்பினால் பெருக்கி மதிப்பிடுவது அதன் வழி. பழைய பரிசோதகரின் முழுக்குக் கணக்குத்தான் இது, கருவிதான் புதிது. அந்தக் கணக்கு கொழும்பிலே அச்சாகிக் கிடந்தால் பயனில்லை. சங்குத்துறைகளில், குளியாட்களின் சங்கங்களில், தமிழிலே, அவர்கள் பெயரிட்டு வழங்கும் படுகைகளின் பெயராலேயே அது வாசிக்கப்படல் வேண்டும். இந்தப் படுகையில் இவ்வளவு உண்டு, இவ்வாண்டு இவ்வளவு எடுக்கலாம், இன்னாருக்கு இப்படுகை என்று ஆகுமாயின், பின்னால் வருபவரைப் பற்றிய அச்சம் குறையும். ஹெர்ட்மனின் ஐந்து பகுதிகளையும் ஆங்கிலம் தெரிந்த வணிகர் படித்தனர்; பார்களுக்குப் பெயர் வைத்தவர்கள் படிக்கவில்லை. அந்தத் தவறு இரண்டாம் முறையும் நேரவேண்டியதில்லை.

நேரம் குறைவாக இருப்பதால், நமது வீட்டு வாயிலிலுள்ள ஓர் ஓட்டுடலியைப் பற்றிச் சுருக்கமாகக் கூறி நிறுத்துகின்றேன். கண்டியைச் சுற்றி ஓடும் மகாவலி கங்கை திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியார்க் குடாவில் கடலோடு கலக்கின்றது. ஆறுகளில் வாழும் பெரிய நன்னீர் இறால், சிப்பியும் அன்று, சங்கும் அன்று. அதன் வாழ்வு மூன்றாவது விதமானது. வளர்வது நன்னீரில். ஆனால் அதன் குடம்பி உப்புக் கலந்த நீரில்லாமல் பிழைக்காது. 1960களின் தொடக்கத்தில் மலாயாவின் பினாங்கில் இருந்து ஆராய்ந்த சாவ்வென் லிங் என்னும் அறிஞர் இதனைக் கண்டறிந்தார். முட்டை சுமந்த தாய் இறால் கழிமுகத்தை நோக்கி இறங்கும்; குஞ்சு மீண்டும் ஆற்றில் மேலேறும். ஆற்றின் குறுக்கே அணை எழுந்தால் அந்த வழி அடைபடும். பொல்கொல்லை அணை 1976ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. விக்டோரியா அணை 1985இல் திறந்து வைக்கப்பட்டது. அதன் உயரம் 122 மீற்றர். எந்த இறால் அதில் ஏறும்?

ஆகவே அணைக்கட்டிய நீர்த்தேக்கத்தில் இறால் வேண்டுமாயின் மனிதர்தான் குஞ்சை வளர்த்து விடல் வேண்டும். தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை இலங்கையின் பல குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் அவ்வாறு குஞ்சுகளை விட்டு வருகின்றது. அங்கே அவை பருக்கும், ஆயின் பெருகா. எனவே தாய் இறாலைக் காக்கும் விதி அங்கே பொருளற்றது. குஞ்சு பருக்கும் வரை பிடிக்காதிருத்தலும், சிறுகண் வலையை விலக்குதலும், விட்ட குஞ்சு இத்தனை, பிடித்த இறால் இத்தனை என்று எழுதி வைத்தலுமே அங்கு வேண்டியவை. நீர்த்தேக்கக் கரையோரத்து மீனவர் சங்கங்களில் அத்தகைய ஏடு ஒன்று இருக்கும். விடுமுறை நாளில் அப்பக்கம் செல்லும் மாணவர்கள் அதனைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். முதற் பக்கத்தில் விட்ட குஞ்சுகளின் தொகை தெளிவாக எழுதப்பட்டிருக்கும். எதிர்ப்பக்கமும் எழுதப்பட்டிருக்கின்றதா என்பதையே பார்க்க வேண்டும்.